இஞ்சி பீர் நோட்டில் ஒரு கட்டம் குறைவு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்பக்கக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கோபாலகிருஷ்ணன் பதினான்கு சோடா பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வேலையை வீட்டு வேலைக்கு வரும் வேண்டாவிடம் அவர் கொடுப்பதில்லை. வேண்டா சோப்புப் போடுவாள். சோப்பு வாசனை பாட்டிலில் ஒட்டிக்கொண்டால் நுரை நிற்காது. வெந்நீர், பிரஷ், மறுபடி வெந்நீர், பிறகு வெயிலில் கவிழ்த்து வைப்பது. இஞ்சி பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி வேலை பாட்டில் கழுவுவதுதான் என்பது அவர் கட்சி.

கல்பாக்கத்தில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் கூட வேலை செய்தவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவரும் மனைவி கல்யாணியும் புதுப்பட்டினத்தில் வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். கையும் நோட்டும் சும்மா இருக்கப் பொறுக்காமல் இஞ்சி பீரில் இறங்கினார்.

முதல் தடவை ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துச் செய்தார். அறை வெப்பத்தில் ஒரு வாரம் வையுங்கள் என்று அதில் சொன்னார்கள். அவர்களுடைய அறை நம்முடைய ஃப்ரிட்ஜ் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. மே மாதம். சமையலறைப் பரணில் வைத்த பன்னிரண்டு பாட்டிலில் ஏழு வெடித்து, சர்க்கரைத் தண்ணீர் நேராக அரிசி டிரம்மில் இறங்கியது. கல்யாணி மிச்சம் ஐந்தையும் ஸ்கூட்டர் நிற்கும் கொட்டகைக்கு மாற்றினாள். அன்றிலிருந்து தொழிற்சாலை அங்கேதான்.

யாராவது கேட்டால் சொல்லிக்கொடுப்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். இஞ்சியைத் தோல் சீவக் கூடாது, நுரைக்க வைக்கிற சமாசாரம் தோலில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்ற வேண்டும். தயிருக்கு உறை போல இதற்கும் ஒரு உறை உண்டு. துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், ஒரு பாட்டிலில் ஐந்து நாள், தினம் ஒரு ஸ்பூன் தீனி. எலுமிச்சையைச் சூடு ஆறிய பிறகுதான் பிழிய வேண்டும், இல்லையென்றால் கசக்கும். கண்ணாடி பாட்டில்களோடு ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் ஊற்றி வைக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அது கல் மாதிரி நிற்கிறதா, எல்லாவற்றையும் உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடு. இந்தக் கடலோரத்தில் வெயில் காலத்துக்கு இரண்டு நாள், மார்கழிக்கு நாலு நாள். இஞ்சியைக் காய்ச்சிக் கடைச் சோடாவில் கலந்து விற்கிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை எழுத முடியாது. ‘கலர்த் தண்ணி’ என்பது அதில் மரியாதையான பகுதி.

எல்லாம் நோட்டில் இருக்கும். தேதி, வெப்பம், சர்க்கரை, இஞ்சி, எத்தனை நாள், ருசி என்று ஆறு கட்டம். நோட்டின் அட்டையில் ‘இஞ்சி பீர்’ என்று எழுதியிருப்பார். வாராவாரம் வரும் நண்பர் பஷீருதீனிடம் மட்டும் முதல் நாளிலிருந்தே ‘இஞ்சி சோடா’ என்று சொல்லி வைத்திருந்தார்.

பஷீருதீனுக்குக் கடைத்தெருவில் கயிறும் வலையும் விற்கும் கடை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் கடை அடைப்பு. ஐந்து மணிக்கு வந்து கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பேச்சு. மீன் விலை, முட்டுவலி, பக்கத்துத் தெருவில் யார் வீடு விற்கிறார்கள். பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவியைப் பாரிமுனையில் தேடி வாங்கி வந்து கொடுத்தவரே அவர்தான். இரண்டு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. கோபாலகிருஷ்ணனைத் தேடி வீட்டுக்கு வருகிறவர் என்று ஊரில் வேறு யாரும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாட்டில்கள் காய்ந்துகொண்டிருக்கும்போது கூரியர் வந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகள் அனு, அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பியது. நீளமான கண்ணாடிக் குழல், நடுவில் அளவுக் கோடுகள். திரவத்தில் மிதக்கவிட்டு, நுரைப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பார்த்தால் சர்க்கரை எவ்வளவு போயிற்று, அதில் சாராயம் எவ்வளவு ஆயிற்று என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கல்யாணி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“ஏங்க, இத அளக்காதீங்க.”

“ஏன்?”

“அளந்தா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. பாய்கிட்ட போய் சொல்வீங்க.”

“முப்பத்தி நாலு வருஷம் அளந்தவன்டி நான்.”

“அங்க தண்ணிய அளந்தீங்க. தண்ணி கோவிச்சுக்காது.”

நோட்டில் ஏழாவது கட்டம் ஏன் இல்லை என்று கல்யாணிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவருக்கும் தெரியும். நுரைப்பது எதுவானாலும் கொஞ்சம் சாராயம் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு என்று பார்க்காதவரை சோடா என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைக்கு ஊற்றும் முன் ஒரு அளவு எடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பாட்டிலைத் திறந்து, வாயு போகும்வரை கரண்டியால் கலக்கி, மறுபடி அளந்தார். மூன்று தடவை அளந்தார். நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஏழாவது கட்டத்தில் எழுதினார்.

ஐந்து மணிக்குப் பஷீருதீன் வந்தார். “இன்னா சார், கிளாஸ் இன்னும் வெக்கல?”

“உக்காருங்க பாய். ஒண்ணு சொல்லணும்.”

சொன்னார். மோரிலும் பழைய சோற்றிலும்கூடத் துளி இருக்கும் என்ற வாதத்தை மனதில் வைத்திருந்தார். கல்யாணி சமையலறை வாசலிலிருந்து பார்த்த பார்வையில் அதை விட்டுவிட்டார்.

“நூத்துக்கு ஒண்ணா?” என்றார் பஷீருதீன்.

“கொஞ்சம் மேல.”

“ரெண்டு வருசமாவா?”

“அப்ப அளக்கல.”

“போன ரம்ஜானுக்கு நோன்பு தொறக்கன்னு ரெண்டு பாட்டில் குட்த்து வுட்டீங்களே சார்.”

கோபாலகிருஷ்ணன் ஏழாவது கட்டம் இருந்த பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பஷீருதீன் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடினார்.

“தெரியாம குட்ச்சது வேற. இனிமே தெரிஞ்சி குடிக்க முடியாது. நீங்களே சொல்லிட்டீங்க, அதும் நல்லதுதான். என் சம்சாரம் சைனம்புகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவ என்ன வூட்ல சேக்க மாட்டா.” சிரிக்கத்தான் பார்த்தார். சரியாக வரவில்லை. ஐந்தே காலுக்கெல்லாம் எழுந்து போனார்.

அந்த வாரம் கோபாலகிருஷ்ணன் உறை பாட்டிலுக்குத் தீனி போடவில்லை. கடைத்தெருவுக்கு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் கயிற்றுக் கடை இருக்கும் பக்கம் போகாமல் சுற்றி வந்தார். கல்யாணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“காய்ச்சி சோடால கலந்தா அந்த ஒண்ணும் வராதில்ல?”

“அது கலர்த் தண்ணி.”

“சரி, அப்ப தனியா உக்காந்து ஒசத்தியானத குடிங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் அவர் இஞ்சியை நசுக்கினார். தோலைச் சீவிவிட்டே நசுக்கினார், இதில் தோலுக்கு வேலையில்லை. வெல்லமும் நாலு மிளகும் போட்டுக் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைத்தார். கடைக்குப் போய்ச் சோடா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்தபின் வீடு திரும்பினார். கலந்து, எலுமிச்சை பிழிந்து, பழக்கத்தில் குழலையும் மிதக்கவிட்டார். சர்க்கரை மட்டும்தான். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து ஏழாவது கட்டத்தில் பூஜ்யம் போட்டார். ருசிக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

ஐந்து ஆயிற்று. ஐந்து பத்து ஆயிற்று. ஐந்து இருபதுக்கு வாசலில் செருப்புச் சத்தம்.

“முட்டி சார். நடக்க முடில,” என்றார் பஷீருதீன், கேட்காமலே.

கோபாலகிருஷ்ணன் நோட்டைத் திறந்து பூஜ்யத்தைக் காட்டினார். “காய்ச்சினது. நுரைக்க விடல. கடைச் சோடா.”

“நீங்களா? கடைச் சோடாவா?” பஷீருதீன் கல்யாணியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் காலி செய்து நீட்டினார். இரண்டாவதும் போயிற்று. மீன் விலைக்கு வந்தார்கள், பக்கத்துத் தெரு வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பஷீருதீன் சொன்னார்:

“சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இதான் நல்லா கீது.”

“எது?”

“இதான். அதுல கடசீல ஒரு புளிச்ச வாட வரும். ராத்திரி வரைக்கும் தொண்டைல நின்னுகினே இருக்கும்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

“ரெண்டு வருஷமா சூப்பர் சூப்பர்னு சொன்னீங்களே பாய்.”

“அவ்ளோ கஸ்டப்பட்டு பாட்டில் கழுவிகினு கீறீங்க. இன்னா சொல்றது?”

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. பஷீருதீன் கிளாஸை முடித்துக் கீழே வைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து உதறித் தலையில் வைத்தார்.

“அப்ப எதுக்கு பாய் வாராவாரம் வந்தீங்க?” என்று கோபாலகிருஷ்ணன் கேட்டார்.

பஷீருதீன் கல்யாணி இருந்த பக்கம் பார்த்து, “வரேன்மா,” என்றார். வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.