சின்னப்பையன் படிக்காத நான்கு எடைச்சீட்டுகள்

5.1.2003 – 62 கிலோ
6.4.2003 – 61 கிலோ
6.7.2003 – 58 கிலோ
5.10.2003 – 54 கிலோ
4.1.2004 – 49 கிலோ

திருவொற்றியூர் ரயில் நிலையத்து எடை இயந்திரத்தில் காசு போட்டால் விழும் அட்டைச் சீட்டுகள் இவை. சின்னப்பையன் தடித்த பேனாவால் மேலே தேதி எழுதி, ஐந்தையும் வரிசையாக நோட்டில் ஒட்டியிருந்தார். முதல் சீட்டை மட்டுமே அவர் படித்தார். மற்ற நான்கையும் படிக்கக் கண் இல்லை. படித்துச் சொல் என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணிக் குறித்த டாலி கிளார்க் அவர். ஒரு கப்பலின் மூட்டையை இன்னொரு கப்பலின் தாளில் எழுதவே கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உடம்புக்கு மூன்று நோட்டு வைத்திருந்தார்: கண்ணுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று. ஒன்றில் உள்ளது மற்றதில் ஏறாது.

2003 பிப்ரவரியில், எதிரே நிற்பவரின் மூக்கும் வாயும் கலங்கி, காது மட்டும் தெரிய ஆரம்பித்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, வயதானால் வரும் நோய் என்றார் கண் டாக்டர். பிறகு சட்டைப்பையில் துருத்திய பீடிக்கட்டைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"நாப்பத்தாறு வருசம் சார். ஒரு நாளைக்கு இருவத்திரெண்டு."

"கண் நோய்க்கும் புற்றுநோய்க்கும் நேரடித் தொடர்பு இருக்கான்னு உறுதியா சொல்ல முடியாது பெரியவரே. ஆனா வயசும் புகையும் ரெண்டுக்குமே காரணம். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க."

பீடியை நிறுத்திய தேதியைக் கண் நோட்டில் குறித்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னதைக் குறிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. அது கண்ணைச் சேர்ந்தது அல்ல.

மாதங்கள் போக, உடம்பு வற்றுவதைப் பார்த்த மனைவி தாயம்மா விடவில்லை. "யோவ், நீ சட்டைய மாட்டிக்கினு போறியா, சட்டை உன்ன மாட்டிக்கினு போவுதா?"

"பீடிய வுட்டதுலேந்து பசியே இல்ல. அதான் வத்திப்போச்சு. சும்மா கெட."

"இருமலு?"

"ஆர்பர் கரித்தூசு காத்து. இந்தத் தெருவுல எவன் இருமல?"

பொங்கலுக்கு வந்த மகள் செங்கொடி மூன்று நோட்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். இருமல் நோட்டில், நவம்பரில், 'சளியில் ரத்தம்' என்று கோணல்மாணலாக ஒரு வரி. எடை நோட்டின் கடைசிச் சீட்டில் நாற்பத்தொன்பது.

"நைனா, பதிமூணு கிலோ கொறஞ்சிக்கீது. உனுக்குத் தெரியுமா?"

அவர் மகளின் காதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சீட்ட படிக்க முடியல கொடி."

"கேட்டா நான் படிச்சிருக்க மாட்டனா?"

அவர் எடை நோட்டைத் தடவித் தேடி மூடினார்.

செங்கொடி கூட்டிப்போய் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளை. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். புற்றுநோய்தான். ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி உண்டு. செய்யலாமா என்று பெரிய டாக்டர்கள் கூடிப் பேசிக் கடிதம் போடுவார்கள் என்றார்கள். அன்று முதல் சின்னப்பையன் வாசலில் நாற்காலி போட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்தார்.

கடிதத்தைப் பிரித்த செங்கொடி, கண்ணை ஓட்டிவிட்டு மடிக்கப் போனாள்.

"முழுசா படி. ஒரு வரி வுடாத."

படித்தாள். நோய் கல்லீரலுக்கும் போய்விட்டது, ஆபரேஷன் பயன்படாது, வலி மாத்திரைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வரலாம். தாயம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"இத எந்த நோட்டுல எழுதறது நைனா?"



"மூணுலயும்."

மகள் கையைப் பிடித்து இடம் காட்ட, மூன்று நோட்டிலும் கடிதம் வந்த தேதியைத் தடித்த பேனாவால் எழுதினார்: 17.3.2004.