நைனா தைத்த பை

மல்துணியில் தைத்த சின்னச் சுருக்குப்பை ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. வெற்றிலை பாக்குக்கா என்று கேட்பார்கள். அது என் வலது கைக்காகத் தையல்காரரான என் அப்பா, நான் நைனா என்று கூப்பிட்டவர், தைத்தது.

பிறவியிலேயே எனக்கு லேசாக உரசினாலும் கொப்புளம் விடும் தோல். அறுபதுகளில் செஞ்சியில் அந்த நோய்க்குப் பெயர் சொல்லக்கூட ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒன்றை மட்டும் அம்மாவுக்குப் புரியவைத்திருந்தார்: புண்பட்ட விரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஆறினால் ஒட்டிப்போகும். அதனால் அம்மா தினமும் வாசலின் களிம்பு தடவிய துணியை விரல் விரலாகச் சுற்றுவாள். பழைய துணியை நனைத்து எடுக்கும்போது தெருவே கேட்கக் கத்துவேன். அவள் விடமாட்டாள். எனக்கு அவள் ராட்சசி.

தங்கச்சியைப் பெற அவள் சீயமங்கலத்துத் தாய்வீட்டுக்குப் போனாள். பிரசவ வீட்டில் என்னைக் கவனிக்க ஆளில்லை என்று நைனாவிடம் விட்டாள். "ஒண்ணா கட்டிடாத. தனித்தனியா சுத்து, இன்னா?" என்று பஸ் ஏறும்வரை சொன்னாள்.

என் அழுகையை நைனாவால் தாங்க முடியவில்லை. "பாவம், புள்ள" என்று சொல்லி, விரல்களைச் சேர்த்து அந்தப் பைக்குள் போட்டுச் சுருக்கிவிட்டார். இடது கையில் அப்போது புண் இல்லை, அது தப்பியது. வலி நின்றதும் உலகத்திலேயே நல்லவர் அவர்தான் என்று நம்பினேன். சீயமங்கலம் போய்த் திரும்பும்போதெல்லாம், "தனித்தனியாதான் சுத்துறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்று சிரிப்பார். எங்கள் இருவருக்குமான விளையாட்டு என்று நானும் சிரித்தேன்.

கைக்குழந்தையோடு வந்த அம்மா முதலில் பையைத்தான் அவிழ்த்தாள். நான்கு விரல்களும் ஒரே தோலுக்குள் கிடந்தன. கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது.

"இன்னா பண்ணி வச்சிருக்க?"

"நான் இன்னா பண்றது? அவ கையவே குடுக்கல."

அவர் சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் போனது அப்போது எனக்குப் புரியவில்லை. நைனா என்மேல் பழி போட்டது புரிந்தது. அந்த வயதில் அதைவிடப் பெரிய வலி எனக்கு இருந்ததில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. இடது கையில் அடுத்து கொப்புளம் வந்தபோது விரல் விரலாகச் சுற்றினாள், கத்தக் கத்த. இதை எழுதுவது அந்தக் கைதான்.

இன்று இந்தப் பையின் சுருக்கை அவிழ்க்க எனக்குப் பல்லும் வேண்டியிருக்கிறது. சாகும்வரை நைனா என்னைப் பார்த்துப் பாவம் என்றார். நான்தான் செய்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை.