பின்பால் மிஷினும் அவள் மூக்கும்

எலி மூத்திரத்தின் நாற்றம் எப்படியிருக்கும் என்பது ஐம்பது வயதை நெருங்கும்வரை எனக்குச் சரியாகத் தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும். சோற்றில் கை வைத்தால் வரும். மஃப்ளரை மூக்கை மூடிச் சுற்றினால் வரும். நான் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில், சூடாக இறங்கும் தூளுக்கு நடுவே நின்றாலும் வரும். எல்லாம் நானே விரும்பி வீட்டுக்குள் ஏற்றிய வினை.

ஊட்டியில் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு பழைய லாட்ஜ் இருந்தது. அதன் பாரில், கழிப்பறைக் கதவை ஒட்டிய மூலையில், ஒரு பின்பால் மிஷின் நின்றது. கண்ணாடி மூடிய சரிவுப் பலகை. அதில் ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும். கீழே உள்ள பள்ளத்தில் அது விழுந்துவிடாமல் இரண்டு சிறிய மட்டைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். குண்டு எதையாவது இடித்தால் மணி அடிக்கும், எதிரே நிமிர்ந்து நிற்கும் படக் கண்ணாடியில் எண் ஏறும். அந்தப் பாருக்குப் பதினோரு வருடம் போயிருக்கிறேன். மிஷின் ஓடிய காலத்தில் அதன் கண்ணாடி மேல் டம்ளரை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். ஒரு முறை குண்டு பள்ளத்தில் விழுந்த ஆத்திரத்தில் மிஷினை உதைத்தேன், பிராந்தி முழுவதும் உள்ளே வடிந்தது. பிறகு அது பழுதாகி, அதன் மேல் காலி பாட்டில் பெட்டிகளை அடுக்கினார்கள்.

நான் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது லாட்ஜை இடிக்கப் போனார்கள். அதன் சொந்தக்காரர் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துக் கேட்டார். “ஏனுங்க, அந்தக் குண்டு வெளையாடற பொட்டி உங்களுக்கு வேணுங்களா? இல்லீன்னா ஒடச்சு வெறகுல போட்ருவேன்.”

வேண்டும் என்று சொல்லிவிட்டேன். குடியை விட்டவனுக்கு மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை இரண்டு கைகள் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வதென்று தெரியாது. டிவி பார்த்தேன். கொத்தமல்லியை ஒவ்வொரு இலையாக ஆய்ந்தேன். வீட்டுக்குள்ளேயே நடந்தேன். நான் நடக்கிற சத்தம் கதவுப் பக்கம் போனால் சமையலறையில் என் மனைவியின் கரண்டி நின்றுவிடும். அந்தக் கரண்டி நிற்கும் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் மிஷினைக் கேட்டு வாங்கினேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு போர்டிங் பள்ளியின் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். நூற்றுக்கணக்கான சட்டைகளில் எது ஒரு நாள் போட்டது, எது மூன்று நாள் போட்டது என்று மோந்து பார்த்தே பிரித்துவிடுவாள். குடித்த காலத்தில் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்து கைப்பையை வாங்கிக்கொள்வாள். அது மரியாதை அல்ல, பரிசோதனை. பையை வாங்கும் சாக்கில் முகத்தை என் கழுத்தருகே கொண்டுவந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பாள், அவ்வளவுதான்.

அதை ஏமாற்ற நான் கண்டுபிடித்த வழி நீலகிரித் தைலம். வீட்டுக்கு வரும் வழியில் மூக்கின் கீழும் நெஞ்சிலும் கைக்குட்டையிலும் தடவிக்கொண்டு, “சளிப் புடிச்சிருக்குது” என்பேன். வருடத்தில் பாதி நாள் இந்த ஊரே தைலம் மணக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளையும் ஒரு வருடம் ஏமாற்றினேன். பிறகு புரிந்துகொண்டாள். அதன்பின் பிராந்தி வாசத்தைவிடத் தைல வாசத்துக்குத்தான் அவள் முகம் அதிகம் சுருங்கியது. பிராந்தி என்றால் குடித்திருக்கிறேன். தைலம் என்றால் குடித்துவிட்டு அவளை முட்டாளாக்கவும் பார்க்கிறேன்.

குடியை விட்ட பிறகும் அவள் பையை வாங்க வந்தாள். நான் அசையாமல் நின்று கொடுத்தேன். சொன்னால் நம்பும் நிலையில் அவளை நான் வைத்திருக்கவில்லை. நான் திருந்திவிட்டேன் என்பதற்கு அவள் மூக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: என்றாவது ஒரு நாள் அவள் மோந்து பார்க்காமல் பையை வாங்க வேண்டும்.

மிஷின் ஜீப்பில் வந்தது. நான்கு பேர் சேர்ந்து முன்னறையில் இறக்கினார்கள். கண்ணாடியை உருவி, பலகையைத் தூக்கி நிறுத்தினேன். அடியில் பெரிய பூசணிக்காய் அளவுக்கு ஓர் எலிக்கூடு. ஒயர்களின் துணி உறை, பீடித்துண்டுகள், பார் பில்கள், யாரோ துடைத்துப் போட்ட காகிதம், எல்லாவற்றையும் கடித்து மென்று கட்டியிருந்தது. கையுறையோடு பிடித்து இழுத்தேன். உள்ளே நான்கு எலிக்குஞ்சுகள், காய்ந்து சருகாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. அதற்குக் கீழே செப்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. மட்டைகளுக்கு அடியில் மசகு கறுத்துக் கட்டியாகி, அதில் கரப்பான்பூச்சியின் முட்டைக் கூடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. பலகையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பசைபோல ஏதோ வழிந்து உறைந்திருந்தது. விரலால் தொட்டு மோந்தேன். பிராந்தி. வேறு யாருடையதாகவும் இருக்கலாம், ஆனால் என்னுடையதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கொல்லைக்கு ஓடிப் போய் வாந்தியெடுத்தேன்.

அவள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். “இத ஊட்டுக்குள்ள வெச்சே ஆவணுங்களா?”

“கொஞ்ச நாள்ம்மா” என்றேன். அவள் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். எலி நாற்றம் வேறு, குடி நாற்றம் வேறு என்று கணக்குப் போட்டிருப்பாள்.

எனக்கு மின்சார வேலை எதுவும் தெரியாது. ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடுகிறவன் நான். போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றேன். பழைய மிஷின், கம்ப்யூட்டர் கிடையாது. கம்பி சுற்றிய காயில்களும் மின்சாரம் வந்தால் தட்டுகிற ரிலேக்களும், அவற்றின் மேல் தகடு தகடாக நிற்கும் பாயிண்ட்டுகளும்தான் அதன் மூளை. குண்டு ஒன்றை இடித்தால் இரண்டு தகடுகள் தொட வேண்டும். அந்த முனைகளில் அழுக்கு இருந்தால் மணி அடிக்காது, எண் ஏறாது. ஊட்டிப் பனியில் வருடக்கணக்காக நின்ற மிஷினில் அழுக்கில்லாத முனை ஒன்றுகூட இல்லை. என்ன பழுது என்று கண்டுபிடிக்க அறிவு வேண்டியதில்லை, குமட்டலைத் தாங்கும் வயிறு இருந்தால் போதும்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் சின்னக் காகிதத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து, விரலால் லேசாக அழுத்தி உருவினார். காகிதம் கறுப்பாக வந்தது. அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் ஸ்பிரிட் என்பது சாராய வாசம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அவள் மூக்கு எதை நம்பும்? என் ஒரே சாட்சியை நானே கெடுத்துக்கொள்வதா? யோசித்து யோசித்து வேறு வழி கண்டுபிடித்தேன். இந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் அது தோன்றும். ஸ்டிக்கர் பசை போக, காலில் ஒட்டிய தார் போக, சட்டையில் இங்க் கறை போக நாங்கள் எதைத் தேய்ப்போம்? நீலகிரித் தைலம். எலி நாற்றத்தையும் அது அடிக்கும்.

ஒரு மனிதன் இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா என்றால், முடியும். ஸ்பிரிட்டைத் தவிர்த்துவிட்ட சந்தோஷத்தில், தைலம் அவளுக்கு என்ன என்பது என் புத்தியில் வரவே இல்லை.

அவள் ஒரு வளைகாப்புக்காகக் குன்னூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பெரிய பாட்டிலாக வாங்கிவந்து உட்கார்ந்தேன். பாயிண்ட்டுகள் அத்தனைக்கும் தைலம். பலகைக்குத் தைலம். பாதி பாட்டில் மிச்சம் இருந்ததால், எதிரே நிற்கும் படக் கண்ணாடியையும் பளபளப்பாக்கலாம் என்று பின்பக்கம் தேய்த்தேன். அந்தப் படம் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் பெயிண்ட்டால் வரைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடற்கரையில் பந்தோடு நிற்கும் ஒரு பெண். இரண்டு இழுப்பில் அவள் முகம் முழுவதும் என் கைத்துணிக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் மூடிகள் இளகிப் பிசுபிசுத்தன. பாயிண்ட்டுகளில் எண்ணெய்ப் படலம் படிந்து, முன்பு சுவிட்சைப் போட்டுத் தட்டிப் பார்த்தால் பத்தில் ஒரு தடவையாவது அடித்த மணியும் அடிக்காமல் போயிற்று. கையெல்லாம் சிவப்பும் மஞ்சளும் ஒட்டிக்கொள்ள, என் மேலேயே எனக்கு எரிச்சலாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மூச்சை இழுத்துப் பார்க்கக்கூடத் தேவையிருக்கவில்லை, வீடே தைலமாக நாறியது.

“எத்தன நாளாங்க?” என்றாள்.

“நான் குடிக்கல. இது மிஷினுக்கு.”

சொல்லும்போதே அந்தக் குரல் எனக்குக் கேட்டது. பதினோரு வருடம் சொன்ன அதே ‘நான் குடிக்கல’. அதே ஏற்ற இறக்கம். அதே தைலம். உண்மையைச் சொல்லும்போதும் எனக்குப் பொய்யனின் குரல்தான் இருந்தது. எழுந்து போய் வாயைத் திறந்து, “வேணும்னா மோந்து பாரு” என்றேன்.

“கிட்ட வராதீங்க.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எலிக்கூட்டைக் கையில் பிடித்து இழுத்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. வளைகாப்பில் கொடுத்த சாதப் பொட்டலங்களை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சாதத்தை யாரும் சாப்பிடவில்லை.

காலையில் நான் எழுந்து வந்தபோது அவள் மிஷின் அருகே குந்தியிருந்தாள். அழுக்குத் துணி கண்ணில் பட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. என் கைத்துணியை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிவப்பாக ஓர் உதடு, பாதிக் கன்னம், கொஞ்சம் மஞ்சள் தலைமுடி. துணியை மோந்தாள். கண்ணாடியில் முகம் இல்லாமல் நிற்கும் பெண்ணைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள்.

“மூஞ்சியவே தொடச்சு எடுத்துட்டீங்க” என்றாள்.

நான் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டினேன்.

“நெசமா இதுக்கு எது போட்டுத் தொடைக்கோணும்?”

“ஸ்பிரிட்.”

“அப்புறம் ஏன் அத வாங்கல?”

“அந்த வாசம் ஊட்டுக்குள்ள இருந்தா, அப்புறம் உனக்கு என்னையப் பத்தி எப்படித் தெரியும்?”

அவள் துணியைச் சுருட்டி வாளியில் போட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை, இருவரில் யார் கேட்பது என்பதும் தெரியவில்லை.

அன்று மாலை நான் வந்தபோது அவள் பையை வாங்க வந்தாள், வழக்கம்போல ஒரு மூச்சு இழுத்தாள். உள்ளே, மிஷின் கண்ணாடியின் மேல் அவள் மெடிக்கல் கடையில் வாங்கிவைத்த ஸ்பிரிட் பாட்டில் இருந்தது. அதைத் தூக்கியதும் நான் செய்த முதல் காரியம் லேபிளில் கோடு இருக்கிறதா என்று தேடியது. முன்பெல்லாம் நான் ஒளித்துவைக்கும் பாட்டில்களைக் கண்டுபிடித்து, சாராயம் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே ஊசியால் கீறிவைப்பாள். இதில் கோடு இல்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடினேன், இல்லை. கோடு போடாமல் விட்டவள் அவள். அதைத் தேடியவன் நான். சீ என்று இருந்தது.

மூடியைத் திறந்ததும் வாயில் எச்சில் ஊறியது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். அது குடிப்பதற்கல்ல, குடித்தால் சாவு, அதெல்லாம் தெரிந்தும் நாய்க்கு ஊறுவதுபோல ஊறியது. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, பனி உள்ளே வர, உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை மெல்லிய துண்டுகளாக வெட்டி, நனைத்து, ஒவ்வொரு பாயிண்ட்டாக உருவினேன். என் தைலமும் எலி மூத்திரத்தின் உப்பும் அந்தப் பாரின் புகையும் சேர்ந்து கறுப்புக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தன. ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுவரை அதுதான் வேலை. இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாளும் குமட்டாமல் எழுந்ததில்லை.

அவள் பள்ளியில் பிள்ளைகள் விடுமுறைக்கு மூட்டை கட்டும் நாள், வர நேரமாகும் என்று சொல்லியிருந்தாள். அன்று மாலை சுவிட்சைப் போட்டேன். ரிலேக்கள் கடகடவென்று தட்டின. ஸ்பிரிங் கம்பியை இழுத்துக் குண்டை விட்டேன். மணி அடித்தது. எண்கள் உருண்டு ஏறின. முகம் இல்லாத பெண்ணின் பின்னால் விளக்குகள் எரிந்தன, பார்க்கச் சகிக்கவில்லை. இடது மட்டை மட்டும் சோம்பலாக எழுந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பாரில் கேட்ட மணிச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டபோது, கை தானாகக் கண்ணாடி மேல் டம்ளரைத் தேடியது.

கதவு திறந்தது. நான் கையிலும் ஸ்வெட்டரிலும் முகத்திலும் ஸ்பிரிட் நாற நின்றுகொண்டிருந்தேன். ஏதாவது ஒரு நாள் நான் மறுபடி குடித்திருந்தால் எப்படி நாறுவேனோ, அப்படியேதான் நாறினேன். பழக்கத்தில் கழுத்தை நிமிர்த்தி, அசையாமல் நின்றேன்.

அவள் என்னைக் கடந்து போய், மிஷினின் முன்பக்கம் காசு போடும் கதவைத் திறந்து, குனிந்து, முகத்தை அந்த ஓட்டையருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்தாள்.

“எலி வாசம் இன்னும் போவலீங்க” என்றாள்.