சாயந்தரம் பாத்துக்கிடுவோம்

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள் நடந்தது இது. எங்கள் ஊர் மம்சாபுரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். பெயர் வேண்டாம், இப்போதுதான் ஊர் அடங்கிக் கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் காவலாளியாக இருந்தார். அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் போனால் வேலையும் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தினமும் காலையில் ஒரு தோளில் துப்பாக்கி, மறு தோளில் சாப்பாட்டுப் பை என்று கிளம்புவார். தோட்டா தனியாகப் பைக்குள் இருக்கும். துப்பாக்கிக்கு ஓர் உறை தைத்துப் போட்டுக்கொண்டு போங்களேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “நான் என்ன திருடிக்கிட்டா போறேன், மூடிக்கிட்டுப் போக?” என்பார். பஸ்ஸில் கண்டக்டர், துப்பாக்கிக்கு அரை டிக்கெட் போடவா அண்ணாச்சி என்று கேலி பேசுவார். எனக்கும் அது வீட்டில் கிடக்கும் குடை மாதிரிதான். சுவரில் சாய்த்து வைத்திருந்தால் நகர்த்தி வைத்துவிட்டுக் கூட்டுவேன்.

எங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போக கீழத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். சுற்றுப்பாதை ஒன்று உண்டு, ஆனால் நேரமாகும். அந்த வருடப் பொங்கலில் முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இரண்டு தெருவுக்கும் தகராறு வந்துவிட்டது. வாய்ச்சண்டை கைகலப்பாகி, கீழத்தெரு ஆள் ஒருவருக்கு மண்டை உடைந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருப் பையன்களைப் பிடித்து இழுத்து வீட்டுக்குத் துரத்தியதே என் வீட்டுக்காரர்தான்.

மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது, இன்றைக்கு மட்டும் சுற்றிப் போங்கள் என்றேன். கேட்கிற ஆளா?

“ஏட்டி, சண்டை போட்டவன் வேற, நான் வேற. எம்புட்டு வருசமா நடக்குத தெரு அது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கீழத்தெரு டீக்கடை முன்னால் ஆட்கள் கூடி நின்றிருக்கிறார்கள். அதில் ஒரு பெரியவர், உங்க தெருக்காரங்க இப்படிப் பண்ணிட்டாங்களேப்பா என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து பஸ் ஹாரன் கேட்டிருக்கிறது. இவர் நடையை நிறுத்தாமல், “சாயந்தரம் பாத்துக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போயிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் இந்த வார்த்தைதான். கல்யாணப் பேச்சா, மோட்டார் ரிப்பேரா, பாத்துக்கிடுவோம். உட்கார்ந்து பேசலாம் என்று அர்த்தம். கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுப் பிரியும்போதும் அதே பாத்துக்கிடுவோம்தான். அப்போது அர்த்தம் வேறு. எந்த அர்த்தம் என்று ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். அன்றைக்கு அவர்கள் பார்த்த ஆளின் தோளில் துப்பாக்கி தொங்கியது.

மதியத்துக்குள் போலீஸ் ஜீப் வங்கிக்கே போய்விட்டது. பணம் எடுக்க வந்த ஜனமெல்லாம் வேடிக்கை பார்க்க, அவரையும் துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். துப்பாக்கியுடன் தெருவுக்குள் வந்து மிரட்டினார் என்று புகார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

“லைசென்ஸ் இருக்கும்மா, துப்பாக்கியில குண்டு இல்ல, யாருக்கு நேராவும் நீட்டல. எல்லாம் சரிதான். ஆனா ஒரு தெருவே பயந்துபோய்க் கதவச் சாத்திருக்கு. அத நான் என்னன்னு எழுத?”

பொது அமைதிக்குக் குந்தகம் என்று எழுதினார். என் வீட்டுக்காரர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “நான் சொன்னதுல என்னட்டி தப்பு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தப் புகாரை வைத்துக் கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கியை வெளியே தெரிய எடுத்துப் போனது மட்டும் குற்றம் ஆகாது, ஆனால் போன நாளும் சொன்ன வார்த்தையும் சேர்ந்துகொண்டதால் வாதாட இடம் வந்துவிட்டது என்றார். கீழத்தெருவிலிருந்து ஒருத்தர், மிரட்டவில்லை என்று சொன்னால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கலாம் என்றார்.

டீக்கடைக்கு எதிர்வீட்டுப் பெண் என்னோடு நூல் மில்லில் வேலை பார்ப்பவள். ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். அவள் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் பணிவாகப் பேசத் தெரியவில்லை எனக்கு. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குமா தெரியாது, வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

“தெரியும்க்கா. அவிய அப்படிப்பட்ட ஆளு இல்ல. கேட்டா சொல்லுதேன். ஆனா அன்னைக்கு அவியளப் பாத்ததும் என் மகள உள்ள தள்ளிட்டுக் கதவச் சாத்துனேன்லா, அதையும் சொல்லுவேன். ரெண்டும் உள்ளதுதானக்கா?”

எழுந்து வந்துவிட்டேன். நான் குடை மாதிரி நகர்த்தி வைத்துக் கூட்டிய சாமானைத்தான் அவள் அத்தனை வருடமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எங்களுக்குப் பயம் இல்லை என்பதால் யாருக்குமே இல்லை என்று நினைத்துவிட்டோம்.

சொன்னபடியே அவள் விசாரணையில் இரண்டையும் சொன்னாள். வழக்கை முடித்துவிட்டார்கள். ஆனால் லைசென்ஸை நிறுத்தி வைத்தது நிறுத்தி வைத்ததுதான், இன்றுவரை திரும்பி வரவில்லை. வங்கியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இவர் இப்போது சோழபுரம் பக்கம் ஒரு பஞ்சு குடோனில் கம்பு ஊன்றிக்கொண்டு வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். துப்பாக்கி போலீஸ் வசம் துருப்பிடித்துக் கிடக்கும். அதை அவர் கேட்பதும் இல்லை. வேலை போனதைவிட, தன் ஊரே தன்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியதுதான் அவரை உடைத்துவிட்டது.

அவளும் நானும் இன்றும் மில் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்காருகிறோம். சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்கிறோம். பேச்சு மட்டும் பழைய மாதிரி இல்லை. இவர் கீழத்தெரு வழியாகப் போவதில்லை, சுற்றுப்பாதைதான். வாசலில் நின்று “போயிட்டு வாரேன்” என்பதோடு சரி, “பாத்துக்கிடுவோம்” என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

எனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. காய்கறிக்காரர் ஆகட்டும், தையல்காரர் ஆகட்டும், யாராவது என்னிடம் “பாத்துக்கிடுவோம்” என்று சாதாரணமாகச் சொன்னால், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அவர் தோளைத்தான் பார்க்கிறது.