மணி அடிப்பதற்கு முந்திய அரை நிமிடம்

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் நான் செய்த வேலை படிக்கட்டுக் கழுவுவது. பொலிதேயாமாப் பக்கத்துப் பழைய மாடிக் கட்டடங்களில், காலையில் வாளியும் துடைப்பமுமாக மேலிருந்து கீழே இறங்கி வருவேன். ஊரில் தொலைபேசித் துறையில் பொறியியலாளராக இருந்தவன் என்பது எங்கள் மாதா கோவில் ஆட்களுக்கு மட்டுந்தான் தெரியும். அதனால்தான் மன்னாருக்கும் இங்கேயும் இடையில் ஒரு தொலைபேசித் தொடர்பு செய்து தரும்படி என்னிடம் கேட்டார்கள்.

அப்போது ஊரில் வயதானவர்களிடம் இருந்தது பொத்தான் போன். அதிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது. ஆகவே மன்னாரில் கோவில் அலுவலகத்தில் ஒரு சிறு பெட்டி வைத்தோம். உள்ளூர் எண்ணை அழுத்தினால், அந்தப் பெட்டி அழைப்பை இணையத்தின் வழியே பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறையிலிருந்த கணினிக்கு அனுப்பும். அது இங்கே சிஞ்ஞோராக்கள் என்ற இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் தங்கி வேலை செய்த எங்கள் பெண்களின் அறைகளில் மணி அடிக்க வைக்கும். என் கணினி நின்றுபோனால் உதவட்டும் என்று வேறொரு நகரத்தில் இரண்டாவது கணினி ஒன்றையும் ஒழுங்கு செய்திருந்தேன்.

இரண்டுக்கும் ஒரே பெயர். டிஎன்எஸ் என்ற ஏற்பாடு பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும். அந்த ஒரே பெயரைக் கேட்டால் இரண்டு முகவரிகளை வரிசையாகச் சொல்லும். முதலாவது பதில் தராவிட்டால் இரண்டாவதற்குப் போக வேண்டும். எவ்வளவு நேரம் பொறுத்துப் போவது என்பதை மன்னார்ப் பெட்டியின் மென்பொருளில் நாங்கள் குறிக்க வேண்டும். ஒன்றும் குறிக்காவிட்டால் அது தன்பாட்டில் அரை நிமிடம் பொறுக்கும். அவ்வளவு நேரமும் எடுத்தவர் காதில் ஒரு சத்தமும் இராது.

மன்னாரில் சத்தமில்லாத போனை அரை நிமிடம் காதில் வைத்திருப்பவர் யார்? காசு போகிறது என்று வெட்டிவிட்டுத் திரும்ப எடுப்பார்கள். திரும்ப எடுத்தால் அந்த அரை நிமிடம் முதலிலிருந்து தொடங்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் அதை மூன்று செக்கனாகக் குறைத்து, என் கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஊரிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். உடனே மணி அடித்தது. எல்லாம் சரியாக நடந்தது, நான் இல்லாமலே.

அன்றைக்கே அதை அழித்துவிட்டு, பழையபடி அரை நிமிடத்துக்கு விட்டேன். மென்பொருள் எழுதியவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கணினி நின்றால் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். சந்தையில் மீன்பெட்டி தூக்கும் ஒருவன் ஒழுங்கையில் நின்றே கத்துவான்: "இஞ்சினியர் ஐயா! உங்கட பிள்ளை மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்குதாம். சனம் அழுகுது, கெதியா வாங்கோ!" நான் வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் படிக்கட்டுக் கழுவுகிறவன் இல்லை.

மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண் அப்போது பொலிதேயாமாவில் ஒரு கிழச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் ஊரில் படுக்கையில் கிடந்தார். ஆகஸ்ட் மாதம், மாதாவின் திருநாளன்று, தமையன் அவளுக்குச் சொல்லியிருந்தான்: "அம்மா முழிச்சால் நான் எடுக்கிறன். நீ எடுத்து அவவை எழுப்பிப் போடாதை." திருநாளுக்குக் கடற்கரைக்குப் போன எங்களோடு அவள் வரவில்லை. போனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். இடையிடையே தூக்கிப் பார்த்தாளாம், வழக்கமான சத்தம் கேட்டது. அது அவள் அறையிலிருந்த கருவி தானாகத் தரும் சத்தம். என் கணினி உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் மொண்டெல்லோக் கடற்கரையில் கோவில் ஆட்களோடு மர நிழலில் இருந்து கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் நின்றது தெரியாது. திரும்பி வந்து பார்த்தபோது என் கணினி இருட்டாக இருந்தது. இரண்டாவது கணினி பகல் முழுக்க வேலையில்லாமல் விழித்துக்கொண்டிருந்தது. அன்று பின்னேரம் தாய் கண்ணை மூடிவிட்டார்.

ஊரில் செத்தவீடு முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஐயா, தான் திரும்பத் திரும்ப எடுத்தவராம் எண்டு அண்ணா சொல்லுறார். சத்தமே வரேல்லையாம். அண்டைக்கு லைன் வேலை செய்ததோ?"

"ஓம் பிள்ளை, வேலை செய்தது" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. பரீட்சையில் பிடிபட்ட மாணவன் போல வாயில் வந்தது. ஆனால் அடுத்த நாள் திருத்தியிருக்கலாம், அதற்கடுத்த நாளும் திருத்தியிருக்கலாம். நான் செய்ததெல்லாம், யாருக்கும் சொல்லாமல் அந்த அரை நிமிடத்தை மூன்று செக்கனாக்கியது. அதற்குப் பிறகு என் கதவை எவரும் தட்டவில்லை. அவளோ, தமையன் எடுக்கவேயில்லை என்று எண்ணி அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

வருடங்கள் போய்விட்டன. எல்லோர் கையிலும் நல்ல போன் வந்து, என் கணினிக்கும் வேலை இல்லாமல் போனது. என் மனைவி இறந்த பிறகு, ஞாயிறு பூசை முடிய அந்தப் பெண்தான் எனக்குச் சோறும் கறியும் கொண்டு வருகிறாள். போன மாசி மாதம் ஒரு ஞாயிறு, சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அண்ணான்ர மகளுக்குக் கலியாணமாம். ஆரோ சொல்லித்தான் தெரியும்."

"நீ போகேல்லையோ?"

"நானோ? அம்மாவின்ர கடைசிக் குரலைக் கேக்க விடாத வீட்டுக்கோ?"

அப்போதுதான் சொன்னேன். மின்சாரம், இரண்டு கணினிகள், சத்தமில்லாத நேரம் எல்லாவற்றையும். அவள் குழாயை மூடினாள்.

"குறைக்கலாம் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்."

"பேந்து ஏன் ஐயா?"

"மெசின் நிண்டால் என்னைத் தேடி வருவியள். அது எனக்குப் பிடிச்சிருந்தது."

அவள் என்னைத் திட்டவில்லை. "அதுக்காகவோ" என்று மட்டும் கேட்டாள். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, ஈரக் கையாலேயே தமையனின் எண்ணை அழுத்தினாள். உடனே மணி அடித்தது.

"அண்ணா, நான்."

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"அண்டைக்கு நீங்கள் எடுத்தது உண்மை எண்டு இப்பதான் தெரியும். லைன் செத்துக் கிடந்ததாம்."

"நான் அண்டைக்கே சொன்னனான் தானே, விசரி" என்றான் அவன். இரண்டு பேரும் அழுதார்கள். நான் எழும்பி, அவள் விட்ட சட்டியை எடுத்துத் துடைத்தேன்.

"அம்மா ஏதும் சொன்னவவோ?"

"போனை அவவின்ர காதிலை வைச்சுப் பிடிச்சனான். சத்தம் இல்லை எண்டு நான் வெட்ட வெட்ட, 'வெட்டாதை மோனை, கொஞ்சம் பொறு, அவள் எடுப்பாள்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. பேந்து நித்திரையாப் போனா."

தாய் சொன்னது சரி. அவன் வெட்டாமல் ஒரு தடவை அரை நிமிடம் பொறுத்திருந்தால், அழைப்பு இரண்டாவது கணினிக்குப் போயிருக்கும். அவள் அறையில் மணி அடித்திருக்கும்.

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, தமையன் காதிலும் விழும்படி கேட்டாள்: "பொறுத்திருந்தாலும் வந்திராது, என்ன ஐயா?"

"வந்திராது பிள்ளை" என்றேன்.