தபீதாள் டீச்சரின் சாப்பாட்டு நோட்டு

1973 தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, தபீதாள் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டாள். வலது முழங்கால் அடுத்த படிக்கு எழவில்லை. பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வரிசையாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். டீச்சரைத் தாண்டிப் போக இடமில்லாமல் அப்படியே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அந்தக் கோபத்திலாவது மேலே ஏறியிருப்பாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் நடத்திவந்தாள். வீடு செம்பாக்கம் ஏரிப் பக்கம். கணவர் சத்தியநாதன் மீனம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். மகன் தயாளன் பி.யூ.சி., மகள் ஜெயசீலி எட்டாவது. காலை நாலரைக்கு எழுந்து எல்லாருக்கும் சமைத்து, டப்பா கட்டி, கேம்ப் ரோடு வரை நடந்து பஸ் பிடிப்பாள். சாயங்காலம் திரும்பியதும் மறுபடி அடுப்பு. இத்தனை ஓடுகிறவளுக்கு உடம்பு எப்படி வைத்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

பள்ளிக்கு எதிரே இருந்த கிளினிக்கில் லேடி டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார்.

"மாத்திரை தரேன். ஆனா எண்பத்து நாலு கிலோவை இந்தக் கால் தாங்காது. பத்து கிலோ குறைச்சே ஆகணும்."

வெளியே மருந்துச் சீட்டோடு வந்தவளை நர்ஸ் யூனிஸ் ஓரமாக அழைத்துப்போனாள். யூனிஸுக்கு இருபத்தேழு வயது. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று சொல்லிப் போனவர்கள்.

"அக்கா, என்னையும் டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்காங்க. தனியா இருந்து பார்த்தேன், முடியல. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. எல்லாரும் சேர்ந்து பண்ணலாமா?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. கிளினிக்கின் பின்னறையில், பஞ்சு மூட்டைகளுக்கும் காலிப் பாட்டில்களுக்கும் நடுவில், தினமும் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குக் கூடுவார்கள். அவரவர் டப்பாவை எல்லார் கண்ணெதிரிலும் திறக்க வேண்டும். முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டோம் என்று நோட்டில் எழுதிவந்து உரக்கப் படிக்க வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை டாக்டரின் எடைமேடையில் ஏற வேண்டும். யூனிஸின் ஏற்பாடு இவ்வளவுதான்.

மற்ற இருவரில் ஒருத்தி அபிதகுஜாம்பாள். தபீதாளின் பள்ளியிலேயே கணக்கு டீச்சர், ரத்தக் கொதிப்புக்காரி. இன்னொருத்தி கங்கையம்மாள். பொழிச்சலூரில் லாரி வைத்திருந்த துளசிங்கத்தின் மனைவி, சர்க்கரை வியாதி. தாம்பரம் பக்கம் லோடு போகும் நாளெல்லாம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, கிளினிக் வாசலில் லாரியிலிருந்து இறங்குவாள்.

"இதுக்கு இன்னா பேரு? குண்டு சங்கமா?" என்று கங்கையம்மாள் முதல் நாளே கேட்டாள். பேர் ஒட்டிக்கொண்டது.

முதல் வாரம் அபிதகுஜாம்பாள் ஜன்னலோரம் தனி ஸ்டூலில் உட்கார்ந்து கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டாள். கங்கையம்மாளின் பித்தளை அடுக்கில் கடைசித் தட்டைத் திறந்ததும் மீன் குழம்பு வாசனை அறையெல்லாம் பரவ, யூனிஸ் எழுந்து போய் அதை மூடினாள். மாதம் ஒன்று போவதற்குள் ஸ்டூல் மேஜைக்கே வந்துவிட்டது. கணக்கு டீச்சரின் வெள்ளரிக்காய்க் கோசுமல்லி எல்லார் தட்டுக்கும் போனது. தபீதாளின் எண்ணெய் இல்லாத சுண்டலை அபிதகுஜாம்பாள் தன் டப்பா மூடியில் வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டுக்கு அது தெரியாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். மாமியாருக்காகத் தான் இருக்கும் ஒருபொழுதையும், அது முடிந்ததும் வைக்கப்படும் பலகாரங்களையும் அவள் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிப் படித்தாள். சிரித்துச் சிரித்துக் கங்கையம்மாளுக்குப் புரையேறியது.

ஆறு வாரத்தில் கங்கையம்மாள் ஐந்து கிலோ குறைந்தாள். அபிதகுஜாம்பாள் மூன்றரை. யூனிஸ் மூன்று.

தபீதாள் எண்பத்து நாலில் நின்றாள். ஒரு வாரம் அரைக் கிலோ இறங்கும். அடுத்த வாரம் முக்கால் ஏறும்.

அவள் நோட்டில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. காலை இரண்டு இட்லி. பதினொரு மணிக்கு மோர். மதியம் இரண்டு சப்பாத்தி, கீரை. சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. இரவு கோதுமைக் கஞ்சி ஒரு டம்ளர். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பிஸ்கட் டின்னைக்கூட ஜெயசீலியிடம் கொடுத்து அவள் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தாள். பசி இருந்தது. நாலாவது பீரியடில் பாபரின் படையெடுப்பை நடத்தும்போது வகுப்புக்கே கேட்கும்படி வயிறு கூவியது. இத்தனைக்கும் முள் அசையவில்லை.

"தராசு ரிப்பேரா கீதோ?" என்றாள் கங்கையம்மாள். யூனிஸ் ஏறிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் தபீதாள் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து போய், காசு போட்டால் சீட்டு விழும் எடை மெஷினில் ஏறினாள். எண்பத்தைந்து என்று விழுந்தது. சீட்டின் பின்பக்கம், 'பொறுமைசாலி. நினைத்ததை முடிப்பவர்' என்று அச்சடித்திருந்தது. அதைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டாள்.

ஒன்பதாவது சனிக்கிழமை அபிதகுஜாம்பாள் பேச்சை எடுத்தாள்.

"தபீதா, கோவிச்சுக்கப்படாது. கணக்குன்னா ரெண்டு பக்கமும் சரியா வரணும். உங்க நோட்டும் தராசும் ஒத்துப்போகலையே."

"நான் பொய் எழுதறேன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லலை."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

யூனிஸ் குறுக்கே ஏதோ சொல்லப் பார்த்தாள். தபீதாள் கேட்கவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஊழியக்காரரின் மகளாக வளர்ந்தவள் அவள். ஒரு பொய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது என்று வளர்த்த வீடு. பட்டினியும் கிடந்து, பொய்க்காரி என்ற பேரும் எடுப்பதா?

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்கு வாங்க. நாள் பூரா உட்கார்ந்து, நான் என்ன சாப்பிடறேன்னு நீங்களே எழுதிக்குங்க" என்றாள்.

வரமாட்டாள் என்ற தைரியத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள், சர்ச்சிலிருந்து இவர்கள் திரும்பிய சற்று நேரத்தில், அபிதகுஜாம்பாள் கையில் தயிர்சாத டப்பாவும் பரீட்சைப் பேப்பர் கட்டுமாக வந்து நின்றாள். பேப்பர் திருத்த வந்திருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, கூடத்தில் சமையலறையும் அதன் வழியாகக் கொல்லையும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காரவைத்தாள் தபீதாள். அன்றைக்கு வீட்டில் மட்டன் குழம்பு. வந்தவள் மூக்கைச் சுளிக்கவில்லை. தலை குனிந்து சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு, தபீதாள் தன் சப்பாத்தி இரண்டையும் கீரையையும் கூடத்துக்கே கொண்டுவந்து, அபிதகுஜாம்பாளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பார்த்துக்கொள் என்கிற மாதிரி மெதுவாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் டீயையும் அங்கேயே குடித்தாள்.

ஆறு மணிக்குக் கிளம்பும்போது அபிதகுஜாம்பாள் ஒரு தாளை நீட்டினாள். அதில் பதினோரு வரி இருந்தது. தயாளன் வைத்துப் போன தோசையில் பாதி. குழம்பு ருசி பார்த்தது, மூன்று தடவை. சத்தியநாதன் தட்டில் பிசைந்த சோறு ஒரு கைப்பிடி, உருளைக்கிழங்கு ஒன்று. ஜெயசீலி ஒதுக்கிய கொழுப்புத் துண்டுகள், சோறு. பாதியில் எழுந்து கிரிக்கெட்டுக்கு ஓடிய தயாளனின் தட்டில் பாதிச் சோறு. பாத்திரம் தேய்க்கப் போடுமுன் சட்டியடிச் சோறு, ரசம் விட்டு. பிள்ளைகளுக்குப் பிடிக்காத பாலாடை. இப்படியே போனது.

"இது என்ன?"

"இன்னிக்கு நீங்க சாப்பிட்டது. எண்ணி எழுதினேன்."

தபீதாள் இரண்டு முறை படித்தாள். முதலில் அவளுக்கு நிஜமாகவே நினைவு வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கொல்லையில் துணி துவைக்கிற கல்லோரம் நின்றபடி, மூன்று தட்டையும் ஒரே தட்டில் வழித்து, பக்கத்து வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டது. நேற்றும் அதைத்தான் செய்தாள். எட்டு வருஷமாகச் செய்கிறாள். அறுபத்தைந்தில் அரிசிக்குத் திண்டாடியபோது ஆரம்பித்தது.

"இது சாப்பாடா? மீந்தது. கொட்டச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. அது மீந்ததுன்னு வயித்துக்குத் தெரியாது தபீதா."

"ரேஷன்ல கால் கடுக்க நிக்கறது நான். உங்க வீட்ல என்ன பண்றீங்க?"

"எங்காத்துல எச்சல் தொடமாட்டோம். மாட்டுக்காரி வந்து எடுத்துண்டு போயிடுவா."

அந்தப் பதில்தான் தபீதாளை அதிகம் எரித்தது. இவளுக்கு இறங்கிய கிலோக்களில் பாதி மாட்டுக்காரி உபயம். அதற்கு இவளுக்குக் கட்டுப்பாடானவள் என்று பேர். வாசல் வரை போய் வழியனுப்பவில்லை. மறுநாளிலிருந்து பின்னறைக்கும் போகவில்லை. பள்ளியில் எதிரில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் கோபம் போக வேண்டிய இடம் வேறு என்பது இரண்டு நாளில் பிடிபட்டது. புதன்கிழமை பரிமாறும்போது, "வேணுங்கிற அளவு மட்டும் வாங்கிக்குங்க. தட்டுல மீதி வைக்காதீங்க" என்றாள். சரி சரி என்றார்கள். மூன்று தட்டிலும் மீந்தது. அவள் தொடவில்லை. வியாழக்கிழமையும் அதன்மேலேயே சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலை கொல்லைக் கல்லில் எறும்பு வரிசை கட்டியது.

"என்ன தபீ, தட்டெல்லாம் அப்படியே கிடக்குது?" என்றார் சத்தியநாதன்.

"அது நீங்க வெச்ச மீதி."

"எப்பவும் என்ன பண்ணுவே?"

"நான் தின்னுவேன்."

அவர் பல் விளக்குவதை நிறுத்தினார். "நாய்க்குப் போடறேன்னு நினைச்சேன்."

"நம்ம வீட்ல நாய் எங்கங்க இருக்குது?"

அவர் பொய் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவர் அதை யோசித்ததே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு ஒரு தட்டைக் கொண்டுபோய் ஏரிப் பக்கத்துக் குப்பைமேட்டில் கொட்டினாள். சோறு விழுந்த சத்தம் கேட்டதும் பாவம் செய்தவள் மாதிரி சுற்றிலும் பார்த்தாள். அதற்குப் பிறகு கொட்ட முடியவில்லை. சில நாள் மறுபடி தின்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பின்னறைக்குப் போனாள். நோட்டைப் பிரித்துப் படித்தாள்.

"காலை, இட்லி ரெண்டு. தயாளன் தட்டு, இட்லி அரை. ராத்திரி, கஞ்சி ஒரு டம்ளர். அவர் தட்டு, சோறு ஒரு கைப்பிடி. ஜெயசீலி தட்டு..."

"நானும் முன்ன அப்டித்தான் துன்னுகினு இருந்தேன் டீச்சர்" என்றாள் கங்கையம்மாள். "தை மாசம் பையனுக்குக் கல்யாணம் ஆச்சு இல்ல? இப்போ மருமவ துன்றா."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. அபிதகுஜாம்பாள் கோசுமல்லிக் கிண்ணத்தைத் தபீதாள் பக்கம் நகர்த்தினாள். தபீதாள் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். மன்னிப்பு என்று இருவரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே வீட்டில் ஏற்பாட்டை மாற்றினாள். சோற்றையும் குழம்பையும் கூடத்து மேஜை நடுவில் வைத்துவிட்டு, தன் தட்டோடு தானும் உட்கார்ந்துவிட்டாள். இனி யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தயாளன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் நண்பன் வீட்டில் சாப்பிட்டான். சத்தியநாதன் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"போட்டுக்குங்க."

"எந்தக் கரண்டி?"

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருப்பதற்குத்தான் அந்த மாதம் முழுக்க அவள் அதிகப் பிரயாசைப்பட வேண்டியிருந்தது. தட்டில் மீதி கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஜெயசீலி இரண்டு வாரம் வழித்துச் சாப்பிட்டாள், பிறகு பழையபடி ஓரத்தில் ஒதுக்கினாள். அதைத் தபீதாள் சில நாள் விட்டாள், சில நாள் தின்றாள். தின்றதை எழுதினாள்.

அந்த வருஷக் கடைசியில் எடை எழுபத்தொன்பதரை. டாக்டர் தலையசைத்து, "இன்னும் அஞ்சரை" என்றார். அந்த அஞ்சரை கடைசிவரை இறங்கவே இல்லை. யூனிஸ் குவைத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். டீசல் விலை ஏறி, துளசிங்கத்தின் லாரி தாம்பரம் பக்கம் வருவது நின்றது. இருவர் மட்டும் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நோட்டுப் படிப்பது கேலியாகத் தோன்ற, அவர்களும் ஸ்டாஃப் ரூமிலேயே சாப்பிடத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் தபீதாளுக்கு மறுபடி எண்பத்திரண்டு வந்தது. மழைக் காலத்தில் கால் மடங்க மறுத்தது. கீழ்த்தள வகுப்பு கேட்டுத் தலைமையாசிரியைக்கு மூன்று கடிதம் கொடுத்தாள். நாலாவதற்குத்தான் பதில் வந்தது, அதுவும் பரிசீலிக்கப்படும் என்று.

"உங்க கஷ்டத்துக்குப் பலன் இவ்வளவுதானா?" என்று ஒரு நாள் அபிதகுஜாம்பாள் கேட்டாள்.

"ரெண்டு கிலோ" என்றாள் தபீதாள். "அப்புறம், இப்பல்லாம் நான் சாப்பிடற சோறு சூடா இருக்குது."

சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மேஜையில் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு இருந்தது. அதை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் அழுத்திவிட்டபடி, முதல் பேப்பரைப் பிரித்தாள்.