தள்ளுபடிச் சேலையும் என் திருத்தமும்

என் மகன் மணந்தது புனேக்காரப் பெண்ணை. அவளுக்குத் தமிழ் தெரியாது, என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. நானோ ஓய்வு பெறும்வரை கோவில்பட்டியில் ஆங்கிலம் கற்பித்தவன். மருமகளோடு நேரடியாகப் பேச வேண்டும் என்பதற்காக மனைவி கைப்பேசியைப் பார்த்து ஆங்கிலம் கற்கத் தொடங்கினாள். என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. ஏன் என்று நானும் யோசிக்கவில்லை.

ஓர் ஆடித் தள்ளுபடியில் மருமகளுக்குச் சேலை எடுத்து வந்தாள். எங்கள் கரிசல் பக்கத்தில் துணி எடுத்தால் நிறத்துக்கு முன் விலையைச் சொல்வார்கள். மழையை நம்பி விதைக்கிறவர்களுக்குக் குறைத்து வாங்குவது ஒரு பெருமை. அன்று மாலை வீடியோ அழைப்பில் சேலையை விரித்துக் காட்டி, "ஐ பாட் இன் ரெடியூஸ்டு காஸ்ட்மா! ஹாஃப்!" என்றாள்.

மருமகள் கைதட்டிச் சிரித்தாள்.

நான் குறுக்கே புகுந்தேன். "இன் இல்ல, அட். செய்யுதவனுக்கு ஆகுத செலவுதான் காஸ்ட். நீ குடுத்தது பிரைஸ். அட் எ ரெடியூஸ்டு பிரைஸ். எங்க, சொல்லு பாப்போம்."

அவள் சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னேன். மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறெங்கோ பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சிட்டுல்லா? பெறகென்ன?" என்ற மனைவி, கைப்பேசியை என் கையில் திணித்தாள். "வாத்தியாரே பேசுங்க."

நான் சொன்ன திருத்தம் சரியானதுதான். ஆனால் அன்று என்னை உறுத்தியது ஆங்கிலம் அல்ல. மருமகளுக்குப் பாதி விலைச் சேலைதான் எடுத்தோம் என்பது சம்பந்தி வீட்டார் காதில் விழுந்துவிடுமே என்ற கூச்சம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆங்கிலத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு மனைவி ஆங்கிலம் பேசவில்லை. "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்பாள்.

"நீயே கேளேன்."

"தப்பா வந்துரும். உங்களுக்குல்லா மானம் போகும்."

அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மருமகள் இப்போது மாசமாக இருக்கிறாள். போன வாரம் மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் அழைத்தாள். முகம் வாடியிருந்தது. அம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். கைப்பேசியை நீட்டினேன். மனைவி வாங்கவில்லை.

"என்னன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். மருமகள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். மாமனாரிடம் சொல்லக்கூடியது அல்ல போலும். ஒன்றுமில்லை அப்பா என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லையாம்."

"ஒண்ணுமில்லாமலா இந்த நேரத்துல கூப்பிடுதா?" என்றவள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் எடுக்கவில்லை.